மூன்று பத்திரிகைக்காரரும் 13 அங்கங்களும்

அன்பு மகளுக்கு,

போன கிழமை தொலைபேசியில், 'பிரேக்கிங் பேட்' தொடரிலிருந்து கிளைத்த 'பெட்டர் கால் சோல்' பற்றிக் கதைத்தபோது, கிளைத்தொடர் என்றால் அது ஒன்றுதான் என்றாய். நல்ல தொடர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான வின்ஸ் கில்லிகனுக்கு அது முதல் கிளைத்தொடர் இல்லை என்று நான் சொல்ல, "அந்த மூன்று கோமாளிகளின் கதையா அப்பா? 13 அங்கத்தோடு மூடினார்களே" என்று சிரித்துவிட்டாய். பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டா. அதனால் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி.

நீ சிரித்த அந்தத் தொடர், 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரிலிருந்து கிளைத்த 'த லோன் கன்மென்', 2001 மார்ச் 4இல் ஆரம்பித்து ஜூனில் முடிந்துபோனது. பயர்ஸ், ஃப்ரோஹிக்கி, லாங்லி மூன்று பேரும் அதற்கு முன் எக்ஸ்-ஃபைல்ஸில் அதன் நாயகன், எஃப்.பி.ஐ. துப்பறிவாளர் மல்டருக்குத் துப்புக் கொடுக்க வந்துபோனவர்கள். 1994இல் ஒரே ஒரு அங்கத்துக்காகத்தான் அவர்களைக் கொண்டுவந்தார்கள். ஃப்ரோஹிக்கியாக வருகிற ரொம் பிரெய்ட்வுட் அங்கே நடிக்கப் போனவரே இல்லை. உதவி இயக்குநராக வேலை செய்தவரைப் பிடித்துக் கமராவுக்கு முன்னால் விட்டார்கள். அதெல்லாம் நீ இப்போது இருக்கிற வன்கூவரில்தான் நடந்தது. கிளைத்தொடரையும் அங்கேதான் எடுத்தார்கள்.

எனக்கு அவர்களைப் பிடித்துப்போக ஒரு சொந்தக் காரணமும் உண்டு. பஃபலோவிலிருந்து வரும் ஃபொக்ஸ் சனலில் நான் அதைப் பார்த்த காலத்தில், பகல் வேலை முடிந்து வந்து இங்கே ஸ்காபரோவில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். கடை வாசலில் இலவசமாக அடுக்கி வைப்பார்கள். சனம் எடுத்துக்கொண்டுபோய் மீன் வெட்டக் கீழே விரிக்கும். அந்த மூவரும் அதே சாதிதான். சொந்தப் பத்திரிகை, ஒரு பழைய வான், அச்சடிக்கக் காசில்லாத திண்டாட்டம். ஆனால் அடுத்த இதழில் அரசாங்கமே ஆடிப்போய்விடும் என்ற நம்பிக்கை மட்டும் குறையாது! பயர்ஸ் எப்போதும் கோட்டும் கழுத்துப்பட்டியும்தான். ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட நாளில் பிறந்ததால் அவருடைய பெயரையே, ஜோன் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று, வைக்கப்பட்டவர். நாட்டை உண்மையாகவே நேசிக்கிறவர், அதனாலேயே அரசாங்கத்தைச் சந்தேகிக்கிறவர். இப்படி ஒரு பாத்திரத்தை அந்தக் காலத் தொலைக்காட்சியில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

சரி, எல்லாரும் பேசுகிற அந்த முதல் அங்கத்துக்கு வருகிறேன். பனிப்போர் முடிந்து ஆயுத வியாபாரம் படுத்துவிட்டது என்று, அரசாங்கத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு கூட்டம் பயணிகள் விமானம் ஒன்றைத் தூர இயக்கத்தால் திருப்பி நியூயோர்க் உலக வர்த்தக மையத்தில் மோதத் திட்டமிடுகிறது. பயர்ஸும் அவருடைய தகப்பனும் அந்த விமானத்துக்குள். ஃப்ரோஹிக்கியும் லாங்லியும் கணினிக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி நொடியில் விமானி கைக்குக் கட்டுப்பாடு திரும்ப வர, விமானம் கோபுரத்தை உரசாத குறையாக மேலே ஏறிவிடுகிறது. இது ஒளிபரப்பாகி ஆறு மாதத்தில் செப்டம்பர் 11 வந்தது.

அந்த அங்கம்தான் இந்தத் தொடருக்குச் சனியாக அமைந்தது என்பேன். இன்றைக்கு இந்தத் தொடரின் பெயரைச் சொன்னால், "முன்கூட்டியே சொன்னார்களே" என்று கண்ணை விரிக்கிறார்கள். 'அவர்களுக்கு முதலே தெரியும்' என்று கதைகட்டுகிறவர்கள் இதை ஒரு சாட்சியாகவே தூக்கித் திரிகிறார்கள். சூழ்ச்சிக் கதைகளை நம்பித் திரியும் மூன்று பேரை அன்போடு கிண்டல் செய்த தொடர், கடைசியில் தானே ஒரு சூழ்ச்சிக் கதைக்குள் மாட்டிக்கொண்டது. எழுதினவர்களுக்கு ஒரு ஞானதிருஷ்டியும் இல்லை. வில்லனுக்கு ஒரு பெரிய கட்டடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதற்காகப் பாராட்டினால் மற்ற 12 அங்கங்களையும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

பார்க்க வேண்டியது அவற்றைத்தான். ஆய்வுகூடத்தில் அடைபட்ட ஒரு சிம்பன்ஸி, தன்னைக் காப்பாற்றச் சொல்லி இவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. கருவி வழியாக வாய் திறந்தால் இங்கிலாந்துத் துரையின் தோரணை. பிறகு ஜிம்மி பொண்ட் என்ற ஒரு வெள்ளந்தி. பார்வையற்றவர்களைச் சேர்த்து ஃபுட்போல் அணி நடத்தியவன், இவர்களையும் அப்படியே நம்பிக் காசைக் கொட்டுகிறான். தோற்றுக்கொண்டே இருக்கிற மனிதர்களை வைத்துச் சிரிக்க வைத்து, அதே காட்சியில் பாவமும் பார்க்க வைக்கிற வித்தையைப் பிறகு கில்லிகனிடம் எல்லாரும் மெச்சினார்கள். அதன் ஆரம்பப் பாடம் இங்கே இருக்கிறது. கூட நின்று உருவாக்கிய ஜோன் ஷிபனும் பின்னாளில் 'பிரேக்கிங் பேட்' எழுத்தாளர் குழுவில் இருந்தார். 'பெட்டர் கால் சோல்'இல் நீ கொண்டாடுகிற சக் மக்கிலாக நடித்த மைக்கல் மக்கீன், இந்தத் தொடரின் கடைசிப் பகுதியிலும் வந்து கலக்குகிறார்.

குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. வழுக்கி விழுகிற பகிடி அளவுக்கு மிஞ்சிப் போகிறது. மல்டரோடு ஐந்து நிமிடம் வந்துபோகும்போது இருந்த மர்மம், ஒரு மணித்தியாலம் முழுக்க அவர்களே நிற்கும்போது கரைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்ததை ஒரு சில கிழமையிலேயே வெள்ளி இரவுக்குத் தள்ளியதும் உதவவில்லை. இன்னும் ஒரு வருடம் கிடைத்திருந்தால் ஜிம்மியை அளவாகப் பாவித்திருப்பார்கள், மூவருக்கும் தனித்தனிக் கதை வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அதைவிட மோசம், 2002இல் எக்ஸ்-ஃபைல்ஸில் அவர்களை முடித்த விதம். கிருமியைப் பரப்ப வந்தவனோடு தங்களையும் சேர்த்துக் கதவை அடைத்து மூன்று பேரும் சாகிறார்கள், ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம். பகிடிக்காரரைக் கொன்றால்தான் மரியாதை கிடைக்கும் என்று யார் சொன்னது? 2018இல் லாங்லியை ஒரு கணினிக்குள் இருந்து எட்டிப்பார்க்க வைத்தார்கள். அது போதாது.

2005இல் வந்த டிவிடிப் பெட்டி என்னிடம் இருக்கிறது. அம்மா உனக்கு மிளகாய்த்தூள் பொதி கட்டுகிறா, அதற்குள் வைத்து அனுப்புகிறேன். இரண்டாவது அங்கத்தில் தொடங்கு. முதலாவதைக் கடைசியில் பார். அந்தச் சாவு அங்கமும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது, அதைப் பார்க்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது. பார்த்து முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எடு, அம்மா கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து.

அன்புடன்,
அப்பா