இரண்டையும் கூட்டி வா, தனித்தனியாகப் பழக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

காப்பகத்தில் பார்த்த அந்த ஜோடி நாய்களைப் பிரிக்காமல் காட்பாடி வீட்டுக்கே கொண்டுவரப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது. கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை மட்டும் செய்துவிடு.

ஒன்றைக் கயிற்றில் கட்டி, மற்றதன் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் பத்து நிமிடம் கூட்டிப் போகச் சொல். உள்ளே இருப்பதை நீ கவனி. வாசலையே பார்த்து முனகுகிறதா, கறியை நீட்டினாலும் திரும்பாமல் இருக்கிறதா, துணை வந்ததும் முகர்ந்துவிட்டு அடங்குகிறதா? அப்படியென்றால் ஒட்டுதல் நிஜம். அது போன பிறகுதான் இது காலை நீட்டிப் படுக்கிறது, தட்டைக் காலி செய்கிறது என்றால், இத்தனை நாள் மிரட்டலில் வாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே கூண்டில் கிடந்ததாலேயே ஜோடி என்று பெயர் வாங்கியவையும் உண்டு. மாற்றி இன்னொரு முறை செய்து பார்.

நாட்டு நாய்க்குத் தலை ஒடுக்கம். பின்னால் இழுத்தால் காலர் காதைத் தாண்டிக் கழன்றுவிடும். மார்புப் பட்டை போடு, உள்ளே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். இரண்டையும் ஒரே கயிற்றில் பிணைக்காதே. சித்தூர் ரோட்டில் லாரி ஹாரனுக்கு ஒன்று மிரண்டால் மற்றதும் சேர்ந்து இழுபடும்.

சாப்பாட்டில்தான் முதல் சண்டை வரும். தட்டுகளை ஆறடி தள்ளி, ஒன்றுக்கொன்று முதுகு காட்டும்படி வை. பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிடு. ஒன்று தின்றதும் மற்றதன் தட்டுக்குப் போக விட்டால், ஒரே மாதத்தில் ஒன்று உருண்டையாகும், ஒன்று எலும்பாகும். 15 கிலோ எடையுள்ள, கருத்தடை ஆன நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 850 கலோரி போதும். 300 கிராம் சோறு, 200 கிராம் வேகவைத்த எலும்பில்லாக் கோழி, ஒரு முட்டை போட்டால் அந்தக் கணக்குக்கு வந்துவிடும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடு. ஆம்பூர் பிரியாணி மிச்சத்தைக் காட்டவே காட்டாதே: வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

தப்பித்தவறிச் சண்டை மூண்டால் நடுவில் கையை விடாதே. ஒரு வாளித் தண்ணீரை ஊற்று, அல்லது மேலே போர்வையைப் போடு. கேட் அருகே வெளிநாயைப் பார்த்துக் குரைக்கும்போது, அந்த வெறியில் பக்கத்தில் நிற்கும் துணையையே கடித்துவிடும். கேட்டுக்குத் தட்டி கட்டி மறைத்துவிடு.

உண்ணி மருந்து இரண்டுக்கும் ஒரே நாளில். எடைக்கு எடை அளவு மாறும், ஒரு மாத்திரையை உடைத்துப் பங்கு போடாதே. உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடம்பில் இல்லாமல் சுவர் வெடிப்பில்தான் கழிக்கிறது. அந்த வெடிப்பை அடைக்காவிட்டால் மருந்துக் காசு வீண். விரலிடுக்கு, காது மடிப்பு, இரண்டையும் தினமும் தடவிப் பார். சோறு தின்னாமல் ஈறு வெளுத்து மூக்கில் ரத்தம் வந்தால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் போ. வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைக் காப்பகத்திலேயே வாங்கி, தேதி பார்த்துக்கொள்.

கத்திரி வெயிலில் நம்மூர்த் தார் ரோட்டில் நடக்கவிடாதே. புறங்கையை ஏழு நொடி வைத்துப் பார், உன்னால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. காலை ஏழுக்குள் நடை முடியட்டும்.

எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான்: இரண்டாவது வாரத்திலிருந்து தினம் ஐந்து நிமிடம் ஒன்றை மட்டும் தனியே நடத்து. வீட்டிலிருப்பதற்குக் கடிக்க ஏதாவது கொடுத்துவிட்டுப் போ. முனகல் இல்லாதவரை கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டு. நாளைக்கு ஒன்றை மருத்துவமனையில் ஓர் இரவு வைக்க வேண்டி வந்தால் மற்றது பட்டினி கிடக்காமல் இருக்க, இந்த ஐந்து நிமிடம்தான் ஈடு கொடுக்கும். இப்போது இருவரையும் பிரிக்காதே என்று சொல்பவர்கள் இதையும் கொடுமை என்பார்கள். கேட்காதே.

கயிறு வாங்கும்போது இரண்டு நிறத்தில் வாங்கு. விடியற்காலை இருட்டில் எது யாருடையது என்று குழம்பாது.

அன்புடன்,
அண்ணன்