மைதானத்தை மூடிவைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணப் பாடசாலைகள் பலவற்றில் இல்ல மெய்வல்லுநர் போட்டி முடிந்ததும் மைதானம் வெறிச்சோடிவிடுகிறது. பிள்ளைகள் ரியூசனுக்கு ஓடுகிறார்கள். தரம் 10இல் சுகாதாரமும் உடற்கல்வியும் விருப்பப் பாடம்தான். பலர் அத்துடன் பயிற்சியையே கைவிடுகிறார்கள். 5 முதல் 17 வயது வரையானோருக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உடற்பயிற்சி அணியை நடத்தும் பிள்ளையைக் கவனியுங்கள். கட்டளை தெளிவாக வரவேண்டும். பின்வரிசையில் கால் மாற்றி வைப்பவனைத் திட்டாமல் திருத்தவேண்டும். எதையும் தானே முதலில் செய்துகாட்டவேண்டும். வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகூட அங்கே நிமிர்ந்து நிற்கும். மாணவ முதல்வர் சின்னம் சூட்டிவிடுவதால் மட்டும் இந்தத் தலைமைப் பண்பு வராது.

அதிபர்கள் வாரத்தில் இரண்டு மாலையாவது பயிற்சிக்கு ஒதுக்கி, அணித்தலைமையை எல்லாப் பிள்ளைகளுக்கும் மாறி மாறிக் கொடுக்கவேண்டும்.

ஒரு பெற்றோர்,
நல்லூர்.