மைக்கன் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் வந்த 'எக்காலத்துக்குமான 25 கூடைப்பந்து வீரர்கள்' பட்டியலை இரண்டு தடவை மேலிருந்து கீழாகத் தேடிவிட்டேன். 1950-களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் சென்டராக, அதாவது வளையத்தை ஒட்டி நின்று ஆடுபவராக, இருந்த ஜார்ஜ் மைக்கனைக் காணோம். 'உயரத்தை வைத்து ஒப்பேற்றியவர்' என்று ஒரே வரியில் அவரைத் தள்ளிவிட்டார் கட்டுரையாளர்.

உயரம் 6 அடி 10 அங்குலம், கண்ணில் சோடாபுட்டிக் கண்ணாடி. டிபால் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது ஓடினால் கால் பின்னும். பயிற்சியாளர் ரே மேயர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார், நடனம்கூடப் பழக வைத்தார். வளையத்துக்கு அடியில் நின்று வலக்கை, இடக்கை என்று மாற்றி மாற்றிப் பந்து போடும் பயிற்சிக்கு இன்றும் மைக்கன் டிரில் என்றுதான் பெயர். எங்கள் கல்லூரி மாஸ்டர் தினமும் அதை வாங்குவார். பந்து தரையில் விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், தோள்பட்டை கழன்றுவிடும். மைக்கன் என்பது ஓர் ஆளின் பெயர் என்று எனக்குத் தெரிந்ததே வெகுநாள் கழித்துத்தான்.

மைக்கனுக்குப் பின் வந்த நெட்டை வீரர் வில்ட் சேம்பர்லினுக்காக 1964-ல் மூன்று செகண்ட் ஏரியாவை (எதிரணி வளையத்தின் அடியில் மூன்று செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாத கட்டம்) 16 அடியாக அகலப்படுத்தியதைக் கட்டுரை பெருமையாகச் சொல்கிறது. சரி, அதற்கு முன் அது 12 அடி ஆனது யாரால்? 6 அடியாக இருந்ததை 1951-ல் இரண்டு மடங்காக்கியதே மைக்கனை வளையத்தை விட்டு விரட்டத்தான். ஓர் ஆட்டத்துக்கு அவர் எடுத்த புள்ளிகளின் சராசரி 28.4-லிருந்து 23.8-க்கு இறங்கியது உண்மை. ஆனால் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 1952, 53, 54 என்று வரிசையாக மூன்று முறை பட்டம் வென்றது அந்த மாற்றத்துக்கு அப்புறம்தான்.

இன்னொன்று. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி, மைக்கனிடம் பந்து போகக் கூடாது என்பதற்காகப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. முடிவு 19-18, லேக்கர்ஸ் தோற்றது. அந்த 18 புள்ளிகளில் 15 மைக்கன் எடுத்தவை. பார்க்க வந்த ஜனங்கள் பாவம்! பந்தை 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற 24 வினாடிக் கடிகாரம் வர இன்னும் நான்கு வருடம் இருந்தது.

கட்டுரையாளர் தொடாத ஒரு குறை உண்டு. 1950 வரை அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் கறுப்பின வீரர்களே கிடையாது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு, 1948-ல் கறுப்பின வீரர்களின் அணியான ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் மைக்கனின் லேக்கர்ஸை 61-59 என்று வீழ்த்தியதே போதும். பாதிக் கதவு சாத்திய போட்டியில் வாங்கிய பட்டங்களை முழு மதிப்புக்கு எடுக்க முடியாது. அதனால் முதல் பத்தில் அவரை வைக்க நானும் வாதாட மாட்டேன்.

ஆனால் என் கணக்கில் 18 அல்லது 19-ஆம் இடம் அவருடையது. யாரை இறக்குவது என்று கேட்டால், உங்கள் பட்டியலில் கடைசியாக இருப்பவர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அவசரம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கல்லூரி அணி சென்டர்,
திருநெல்வேலி