தோட்டாவை எண்ணினீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லெஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவு ஒன்றும் இன்றைய காலாட்படைக் கம்பெனி ஒன்றும் மோதினால் 'பத்தே நிமிடத்தில் கதை முடிந்துவிடும்' என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். துப்பாக்கி பெரிதா, ஈட்டி பெரிதா என்று வாதாட வரவில்லை. முழுப் பக்கக் கட்டுரையில் ஓர் இடத்தில்கூடத் தோட்டாவின் எண்ணிக்கை வரவில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பத்து நிமிடம் உதைக்கிறது.

கம்பெனிக்கு 120 பேர். அமெரிக்கக் காலாட்படை வழக்கப்படி ஆளுக்கு 30 தோட்டா கொள்ளும் மேகசின் 7, ஆக 210. எல்லோர் கையிலும் ஒரே துப்பாக்கி என்று எளிமையாக வைத்தால் 25,200 தோட்டா. இயந்திரத் துப்பாக்கிகளின் தோட்டா பெல்ட்டுகளையும் சேர்த்துத் தாராளமாக 30,000 என்போம். எதிரே ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து லெஜியன்: பத்து கோஹார்ட் (உட்பிரிவு), ஏறத்தாழ 5,000 பேர். தலைக்கு ஆறு தோட்டா விழுகிறது. ஒருவனுக்கு ஆறு போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது என்று 1879-லேயே தெரிந்துவிட்டது.

அந்த ஆண்டு ஜனவரி 22 மாலை, தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் பிரிட்டிஷ் படையினர் சுமார் 150 பேர் மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் சுவராக அடுக்கிக்கொண்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலு வீரர்களை விடியும்வரை தடுத்து நின்றார்கள். கையில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி, இருப்பில் சுமார் 20,000 தோட்டா. விடிந்தபோது மிச்சம் 900 சொச்சம். சுற்றிலும் எண்ணிய சடலங்கள் ஏறத்தாழ 350. ஓடும்போதும் காயத்தாலும் இறந்தவர்களுக்காக அதை இரட்டிப்பாக்கினாலும், ஓர் உயிருக்கு 27 தோட்டா ஆகிறது. அதே விகிதத்தில் நம் கம்பெனியின் 30,000 தோட்டா 1,100 பேரைத்தான் வீழ்த்தும். லெஜியனில் அது கால்வாசிகூட இல்லை. அங்கே இருட்டு, இங்கே பட்டப்பகல். அங்கே ஒவ்வொன்றாகத் திணித்துச் சுடும் துப்பாக்கி, இங்கே அப்படியில்லை என்பதெல்லாம் சரிதான். கணக்கைக் கம்பெனிக்குச் சாதகமாக இரண்டு பங்கு, மூன்று பங்கு தள்ளிப் போடுங்கள். அப்போதும் லெஜியனில் ஆயிரத்துச் சொச்சம் பேர் மிஞ்சுவார்கள், கம்பெனியிடம் ஒரு தோட்டாவும் மிஞ்சாது.

அடுத்து வேகம். கேடயம் ஏந்தி வரிசை கலையாமல் நடந்தால் நிமிடத்துக்கு 80 மீட்டர். 400 மீட்டரைக் கடக்க ஐந்து நிமிடம். குழல் காயாமல் தொடர்ந்து சுடுவதற்கு அமெரிக்கப் படையின் எம்-4 ரகத் துப்பாக்கிக்குச் சொல்லப்படும் அளவு நிமிடத்துக்கு 12 முதல் 15. அப்படியே சுட்டாலும் ஒரே பாய்ச்சலுக்கு 9,000 தோட்டா போய்விடும், இருப்பில் மூன்றில் ஒரு பங்கு. பதற்றத்தில் விசையை அழுத்திப் பிடித்தால் குழல் பழுத்து, அறையில் இருக்கும் தோட்டா விசையைத் தொடாமலே வெடிக்கும். பிறகு சிக்கிக்கொள்ளும். 2008 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் வனாட்டில் முற்றுகைக்குள்ளான அமெரிக்க வீரர்கள் வெகுநேரம் விடாமல் சுட்டபோது துப்பாக்கிகள் சூடேறி மக்கர் செய்தன. தயாரிப்புக் கோளாறு என்று அதைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை; கையால் தூக்கும் எடையில் ஒரு குழல் தாங்கும் சூடு அவ்வளவுதான். இயந்திரத் துப்பாக்கிக்கு மாற்றுக் குழல் கொடுப்பதும் இதனால்தான். நிமிடத்துக்கு 100 தோட்டா சுட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழல் மாற்ற வேண்டும்.

கேடயம் பற்றி நீங்கள் எழுதியது சரி. மெல்லிய பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டித் தோல் போர்த்திய ஸ்கூட்டம், 5.56 மி.மீ. தோட்டாவுக்குக் காகிதம் மாதிரி. கேடயங்களை ஓடு போல ஒட்டி அடுக்கி ஆமை வியூகம் போட்டால் இன்னும் மோசம். நெருங்கி நிற்பவர் நடுவே ஒரு கையெறி குண்டு விழுந்தால் ஐந்து மீட்டர் வட்டத்தில் சாவு, பதினைந்து மீட்டர்வரை காயம். ஆனால் அந்தக் குண்டை 35 மீட்டர்தான் வீச முடியும்; பீலம் என்ற எறியீட்டி 20, 25 மீட்டர் பாயும். இரண்டுக்கும் இடையே உள்ள அந்தப் பத்து மீட்டரை ஓடிக் கடக்க எத்தனை நொடி ஆகும்?

இடையிலுள்ள தூரம் இல்லாமல் போனால் துப்பாக்கியின் பலம் போயிற்று. 1898 செப்டம்பர் 2, சூடானின் ஓம்துர்மானில் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படை மாக்சிம் என்ற இயந்திரத் துப்பாக்கியாலும் பீரங்கியாலும் எதிரிகள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன் தரப்பில் செத்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. அதிலும் 21 பேர், வறண்ட ஓடைக்குள் பதுங்கியிருந்த கூட்டத்தின் மேல் குதிரையில் பாய்ந்த ஒரே ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தவர்கள். இரண்டு மூன்று நிமிட வேலை. அந்த வெற்றிக்கு மாக்சிமைவிட, வாடி ஹல்ஃபாவிலிருந்து பாலைவனம் தாண்டிப் போட்ட ரயில் பாதைதான் காரணம் என்பேன். சுடச் சுடத் தோட்டா வந்துகொண்டே இருந்தது.

ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டை தொடங்கிய அதே நாள் நண்பகலில், சில மைல் தள்ளி இசண்டில்வானாவில் 1,800 பேர் கொண்ட பிரிட்டிஷ் படையில் 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள். தோட்டாப் பெட்டியைத் திறக்கத் திருப்புளி கிடைக்கவில்லை என்ற கதையை நம்பாதீர்கள். நடு மூடி ஒரே திருகில் நின்றது, துப்பாக்கிக் கட்டையால் ஓங்கித் தட்டினால் பெயர்ந்துவிடும். பையில் 70 தோட்டாவோடு வரிசையை முகாமிலிருந்து பல நூறு மீட்டர் தள்ளி, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நீட்டியதுதான் பிழை. முகாமில் லட்சக்கணக்கில் தோட்டா இருந்தது. எருமைக் கொம்பு போல இரு பக்கமும் வளைந்து வந்த ஜூலு படை இடைவெளிகள் வழியே உள்ளே புகுந்துவிட்டது.

முதல் நாள் கம்பெனிதான் வெல்லும். முன்வரிசை சரிந்ததும் லெஜியன் கலைந்து ஓடும். ஆனால் ரோமானியத் தளபதி மறுநாளும் அதே மைதானத்துக்கு வருவான் என்று யார் சொன்னது? கி.மு. 217-ல் டிராசிமீன் ஏரிக்கரையில் கார்த்தேஜ் தளபதி ஹானிபாலிடம் ரோம் ஒரு படையையே பறிகொடுத்த பிறகு, ரோமானியத் தளபதி ஃபேபியஸ் நேர்ச் சண்டையைத் தவிர்த்து, மேடுகளிலேயே தங்கி, தீவனமும் தானியமும் தேடி வந்தவர்களை மட்டும் அடித்தார். அதையே இங்கே செய்தால்? 120 பேருக்கு ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் தினம் 600 லிட்டர் தண்ணீர் வேண்டும். கிணற்றுக்குப் போகிறவனைக் கவண்காரன் ஈயக்குண்டால் குறிவைப்பான். இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடியின் பேட்டரி சில நாளில் தீரும். காலி உறையைப் பொறுக்கி மறுபடி நிரப்பலாமா என்றால், அடியிலுள்ள பற்றவைக்கும் மருந்துக்கும் புகையில்லா வெடிமருந்துக்கும் ரசாயன ஆலை வேண்டும். கறுப்பு வெடிமருந்தை அடைத்தால் கரி படிந்து, வாயு விசையில் ஓடும் துப்பாக்கி சில சுடுகளிலேயே நின்றுவிடும்.

கம்பெனித் தளபதிக்கு ஒரே வழி, சிக்கனம். ஒவ்வொரு தோட்டாவாகச் சுட வேண்டும். தலைக்கவசத்தில் குறுக்குவாட்டில் கொண்டை வைத்த செஞ்சூரியன் என்ற படை அதிகாரியை முதலில் சாய்க்க வேண்டும். பிறகு கோவேறு கழுதைகளை. எட்டுப் பேருக்கு ஒரு கழுதைதான் கூடாரமும் மாவரைக்கும் கல்லும் சுமக்கிறது. லெஜியனுக்கும் தினம் ஐந்து டன் அளவில் தானியம் வேண்டும்; அந்த வண்டிகளை எரித்தால் அது ஆயிரம் தோட்டாவுக்குச் சமம். முள்கம்பிச் சுருள் நான்கு வரிசை கிடைத்தால் இன்னும் நல்லது.

பின்குறிப்பு: கட்டுரைப் படத்தில் ஜூலியஸ் சீசரின் வீரர்களுக்குப் பட்டைத் தகட்டுக் கவசம் மாட்டியிருக்கிறீர்கள். அது சீசர் இறந்து பல பத்தாண்டு கழித்து வந்தது. அவருடைய ஆட்கள் அணிந்தது இரும்பு வளையங்கள் கோத்த சட்டை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்