பட்டமளிப்பு விழாவைக் கையில் எடுத்திருக்கும் கறுப்பின முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கப் பொறுப்பாளர்களே,

டெக்ஸாஸில் 2024 ஜனவரி 1 அன்று செனட் மசோதா 17 நடைமுறைக்கு வந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மைக்கென இருந்த அலுவலகங்கள் மூடப்பட்டன. கறுப்பின மாணவர்களுக்காக அந்த அலுவலகங்கள் நடத்திவந்த பட்டமளிப்புக் கொண்டாட்டமும் வளாகத்தை விட்டுப் போயிற்று. அதே ஆண்டு ஜூலையில் யூட்டாவிலும் அக்டோபரில் அலபாமாவிலும் இதே போன்ற சட்டங்கள் வந்தன. 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்வித் துறை, பட்டமளிப்பு விழா உட்பட எதிலும் இனத்தைக் கருதக் கூடாதென்று ஒரு கடிதம் அனுப்பியதும், இப்படிச் சட்டமே இல்லாத மாநிலங்களிலும் பல பல்கலைக்கழகங்கள் பின்வாங்கின. அந்த ஏப்ரலில் ஹார்வர்டும் இவ்வகை விழாக்களுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. ஆனால் மே மாதம் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில், கறுப்பின மக்களின் பழைய கலைக்கூடமான லிரிக் அரங்கில், ஊர்க்காரர்களும் முன்னாள் மாணவர்களும் கைகோத்து விழாவை நடத்திக் காட்டினார்கள்.

இப்போது பல ஊர்களில் அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. விழா வேலை தெரிந்தவர்களாக எங்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். பல்கலைக்கழகம் நடத்திய விழாவை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் வெளியில் நடாதீர்கள். பணம், பெயர்ப்பட்டியல், இடம் மூன்றும் உங்கள் பெயரில் இருக்கட்டும். அது உறுதியானதும், ஒரு பாட்டி தன் பேரனின் தோளில் கென்டே என்ற கானா நாட்டுக் கைத்தறித் துண்டைப் போர்த்தும் அந்த அரை நிமிடத்துக்கு வழிவிட்டு மற்றதையெல்லாம் சுருக்குங்கள்.

முதலில் பணம். உங்கள் சங்கம் தனி இலாப நோக்கற்ற அமைப்பா, பல்கலைக்கழகத்தின் ஒரு கிளையா என்பதை இந்த வாரமே பாருங்கள். கிளை என்றால் உங்கள் நன்கொடையெல்லாம் பல்கலைக்கழக அறக்கட்டளையின் கணக்கில்தான் கிடக்கும். எதற்குச் செலவிடலாம் என்று அவர்கள்தான் சொல்வார்கள். ஏப்ரலில் காசோலை கேட்டு, "சட்டப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது" என்ற பதில் வந்தால் விழா அங்கேயே நின்றுவிடும். தனி அமைப்பாகப் பதிவு செய்வது கடினமல்ல. ஆண்டு வரவு 50,000 டாலரைத் தாண்டாத சிறிய அமைப்பு வரிவிலக்குக் கேட்க 1023-இஇசட் என்ற சுருக்கப் படிவம் உண்டு. கட்டணம் 275 டாலர். பதிவோடு வேலை முடிந்துவிடாது. ஆண்டுதோறும் 990-என் என்ற மின்படிவத்தைப் பதிய வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டுப்போனால் வரிவிலக்குத் தானாக ரத்தாகும். சின்னச் சங்கங்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்கி விழுகின்றன: பொருளாளர் ஊர் மாறுவார், கடவுச்சொல் அவரோடு போய்விடும், நினைவூட்டல் கடிதம் பழைய முகவரிக்குப் போகும். அதனால் கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுப்பவருக்கு எழுத்துபூர்வமான ரசீது கிடைக்க வேண்டும். அது இல்லாமல் அவர் வரிக்கழிவு கேட்க முடியாது.

பதிவு முடியக் காலம் போதாதென்றால் உங்கள் ஊரில் உள்ள கறுப்பினக் கல்லூரி மாணவர்களின் சகோதரத்துவ அமைப்புகளுக்கான பட்டதாரிக் கிளைகளைத் தேடிப் போங்கள். ஒன்பது பெரிய அமைப்புகளில் முதலாவதான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. வெள்ளையர் நிறைந்த வளாகத்தில் தனித்துவிடப்பட்ட மாணவர்கள் தங்களுக்குள் துணை தேடிக் கட்டியது அது. அடுத்து வந்தவற்றில் ஐந்து ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றியவை. இவற்றின் ஊர்க்கிளைகள் பலவற்றுக்கு அறக்கட்டளை, வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாம் முன்பே இருக்கின்றன. இந்த ஓர் ஆண்டுக்கு உங்கள் பணத்தைத் தங்கள் கணக்கில் வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

அடுத்தது பெயர்ப்பட்டியல். முன்பெல்லாம் அலுவலகம் தன்னிடமிருந்த முகவரிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். இனி அந்தப் பட்டியல் உங்களுக்குக் கிடைக்காது, மாணவர் தகவல் காப்புச் சட்டமும் இருக்கிறது. அதற்காக மனம் தளர வேண்டாம். மாணவர் அமைப்புகளை டெக்ஸாஸின் அந்த மசோதா 17 தொடவில்லை. கறுப்பின மாணவர் சங்கம், சேர்ந்திசைக் குழு, பொறியியல் மாணவர் குழு ஒவ்வொன்றிலும் இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். ஜனவரியில் படிவத்தைத் திறந்து, விழாவுக்கு மூன்று வாரம் முன் மூடுங்கள். அப்படியும் பத்துப் பேருக்கு ஒருவர் கடைசி வாரத்தில் வந்து நிற்பார் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் இனம் கேட்கும் கட்டம் வேண்டவே வேண்டாம். பங்கேற்க விரும்பும் பட்டதாரி எவரும் வரலாம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். இந்த விழாவின் கதவு எந்நாளும் திறந்தே இருந்திருக்கிறது. அதை எழுத்தில் வைப்பது உங்களுக்குக் காவலும்கூட. ஒப்பந்தங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1866-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் அமைப்புகளுக்கும் பொருந்தும். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக எழுதப்பட்ட அதே சட்டத்தை வைத்துத்தான் இன்று கறுப்பினப் பெண்களுக்கான நிதியுதவித் திட்டங்கள் மீது வழக்குப் போடுகிறார்கள். அது எங்களுக்கு ஆறாத வேதனை. ஆனாலும் உதவித்தொகையை விழாவிலேயே வழங்குவதாக இருந்தால் தகுதி விதிகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள். பல்கலைக்கழகத்தின் முத்திரையையும் சின்னத்தையும் அனுமதியின்றி அழைப்பிதழில் போடாதீர்கள்; அவை பதிவு பெற்ற வணிகக் குறிகள்.

இடத்தை அக்டோபரிலேயே பிடித்துவிடுங்கள். மே மாதத்தில் தேடுவது தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவது. பெரிய விழா சனிக்கிழமை என்றால் உங்கள் விழா முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு இருக்கட்டும். வெளியூர்க் குடும்பங்கள் அதற்குள் வந்து சேர்ந்துவிடும். இன்னோர் இரவு விடுதிச் செலவும் மிச்சமாகும். 120 பட்டதாரிகள், ஒருவருக்கு ஆறு விருந்தினர் என்றால் 840 இருக்கை. இரண்டு அழைப்புச்சீட்டு போதும் என்று கட்டுப்படுத்தாதீர்கள். சித்தி, பெரியப்பா, ஞாயிறு பள்ளி ஆசிரியர் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் வரும் விழா இது.

எங்கள் பரிந்துரை, ஊரின் பெரிய கறுப்பினத் தேவாலயம். இருக்கை, ஒலிபெருக்கி, வாகன நிறுத்தம், சாய்தளம், சமையலறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அதைவிடப் பெரிய செல்வம் அங்குள்ள வரவேற்பாளர் அணி. வெள்ளைக் கையுறையோடு நின்று, வாய் திறக்காமல் கைச் சைகையிலேயே நூற்றுக்கணக்கானோரை உட்கார வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். கூலிக்கு வரும் ஆட்களிடம் இந்தப் பழக்கம் கிடையாது. இடம் கொடுப்போர் வழக்கமாகக் கேட்பது ஒரு நிகழ்வுக்குப் பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு, அதில் தேவாலயத்தின் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது. சான்றிதழை இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வளாகக் காவல் உங்களுக்கு இனி இல்லை, உரிமம் பெற்ற காவலர்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

இனி கென்டே. கானாவில் அசாந்தே, எவே மக்கள் நெய்யும் துணி இது. குமாசிக்கு அருகிலுள்ள போன்வைர் ஊரின் தறிகள் பெயர்பெற்றவை. ஏறக்குறைய நான்கு அங்குல அகலப் பட்டைகளாக நெய்து, ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய துணியாக்குவார்கள். தோள்துண்டுக்கு அந்த ஒற்றைப் பட்டையே போதும் என்பது எத்தனை பொருத்தம்! 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கைவினையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல பாலியெஸ்டரில் அச்சடித்த நகல்கள். புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறியிருக்கும். நெய்ததில் இரு பக்கமும் நிறம் இருக்கும். கைத்தறித் துண்டு வேண்டுமென்றால் நவம்பரில் சொல்லிவிடுங்கள். நெசவு, கப்பல், சுங்கம் எல்லாம் சேர்த்து மாதக்கணக்கில் ஆகும். ஆண்டு எண்ணைத் துணியிலேயே நெய்யச் சொல்லாதீர்கள். மிச்சமாகும் துண்டு அடுத்த ஆண்டுக்கு உதவாமல் போகும். எண்ணிக்கை உறுதியான பிறகு உள்ளூரில் பூவேலையாகப் போட்டுக்கொள்ளலாம். கூடுதலாக இருபது துண்டு கையில் இருக்கட்டும்.

துண்டு போர்த்தும் முறையை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பொன்னாடை போர்த்துபவர் பெரும்பாலும் விழாத் தலைவர். இங்கே அந்த உரிமை பட்டதாரி தேர்ந்தெடுத்த ஒருவருக்கு. தாய், தாத்தா, வளர்த்த அத்தை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியை என்று யாராகவும் இருக்கலாம். அவர்களில் பலர் முதியவர்கள். மேடைப் படிக்கட்டில் ஏறச் சொன்னால் விழா அங்கேயே தடுமாறும்: ஊன்றுகோல், முழங்கால் வலி, கைப்பிடி இல்லாத நான்கு படி. ஆகவே போர்த்துவதை மேடையில் வைக்காதீர்கள். தரையில், நடு நடைபாதை முடியும் இடத்தில், பட்டை நாடா ஒட்டி இரண்டு இடம் குறியுங்கள். துண்டைப் பட்டதாரியே மடித்துக் கையில் கொண்டுவந்து தன் பெரியவரிடம் கொடுக்கட்டும். பிறகு திரும்பி, அவையைப் பார்த்து, முழங்காலைச் சற்று மடக்கட்டும். துண்டு பின்னாலிருந்துதான் வர வேண்டும். முன்னாலிருந்து போர்த்தினால் தட்டைத் தொப்பியின் முனை பெரியவரின் நெற்றியில் இடிக்கும், குஞ்சம் துணியில் சிக்கும். பட்ட அங்கி வழுக்கும் துணி. இரண்டு அடி நடப்பதற்குள் துண்டு ஒரு பக்கம் சரியும். அங்கியின் உள்பக்கமிருந்து இரு தோளிலும் ஒவ்வொரு ஊக்கு குத்த, ஒரு தன்னார்வலர் பக்கவாட்டில் காத்திருக்கட்டும். ஊக்குக் குத்தும் வேலை நடக்கும்போதே அடுத்த பெயர் ஒலிக்கலாம்.

நேரக்கணக்கு இதுதான்: பெயர் சொல்லி, போர்த்தி, அணைத்து, படம் எடுத்து முடிய முப்பது வினாடி. 120 பேருக்கு ஒரு மணி நேரம். இரண்டு குறியிடங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆனால் அணைப்பை அவசரப்படுத்தாதீர்கள். மொத்த விழா இரண்டு மணி நேரம் என்றால் சிறப்புரைக்கு எட்டு நிமிடம், புரவலர்களுக்கு நன்றி இரண்டு நிமிடம். அரசியல்வாதி வந்தால் எழுந்து கையசைத்தால் போதும்.

பெயரைத் தப்பாகச் சொல்வது இந்த விழாவில் பொறுக்க முடியாத பிழை. நான்கு ஆண்டும் வகுப்பில் தன் பெயர் சிதைக்கப்பட்டதைக் கேட்ட பிள்ளை இந்த மேடையிலாவது அதை முழுமையாகக் கேட்க வேண்டும். படிவத்தோடு மாணவர் தன் பெயரைத் தானே சொல்லி ஒரு குரல்பதிவு அனுப்பட்டும். வாசிப்பவர் இரண்டு நாள் முன்பு அத்தனையையும் கேட்டு, தன் கையாலேயே ஒலிக்குறிப்பு எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை: மேலே பெயர், நடுவில் அழுத்தம் விழும் அசைக்குக் கோடு, கீழே போர்த்துபவரின் பெயரும் உறவும். அட்டையை மாணவரே வரிசையில் கொண்டுவந்து வாசிப்பவரிடம் தரட்டும். அச்சிட்ட பட்டியலைப் பார்த்து வாசித்தால், ஒருவர் வராமல் போன இடத்திலிருந்து எல்லாப் பெயரும் ஒன்று தள்ளிப் போய்விடும்.

தொடக்கத்தில் முன்னோர்க்கு நீர் வார்க்கும் வழக்கம் உண்டு. மூத்தவர் ஒருவர் மறைந்தவர்களின் பெயர் சொல்லிச் செடிக்கு நீர் ஊற்ற, அவையோர் "அஷே" (அப்படியே ஆகட்டும்) என்று எதிரொலிப்பார்கள். தேவாலயம் என்றால் போதகரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள். சிலர் அதைப் பீடத்தின் முன் ஏற்பதில்லை. வாசல் முற்றத்தில் செய்தாலும் பொருள் குறையாது. செடித் தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள், கம்பளம் நனைந்தால் முன்பணம் திரும்பாது. நீர் வார்க்க யாரை அழைப்பது என்பதில் தயக்கமே வேண்டாம். டெக்ஸாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கதவு, இடம் மறுக்கப்பட்ட கறுப்பினத்தவரான ஹீமன் ஸ்வெட் 1950-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற பிறகே கறுப்பினருக்குத் திறந்தது. கறுப்பின இளநிலை மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலில் சேர்ந்தது 1956-இல். ஒவ்வொரு மாநிலத்திலும் அப்படி முதலில் நுழைந்த ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களில் நம்மோடு இருப்பவர்களுக்கு வாகனம் அனுப்பி அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தேவாலயச் சமையலறைப் பெண்களுக்குத் தெரியாதது எங்களுக்கும் தெரியாது. சூடான உணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் சரி. நேரலைக்கு வைஃபையை நம்பாமல் கம்பி இணைப்புப் போடுங்கள். பதிவு செய்த பாடல்களை ஒலிக்கவிட்டால் யூடியூப் ஒலியை அடைத்துவிடக்கூடும், அதனால் நேரில் பாடும் சேர்ந்திசைக் குழுவே நல்லது.

விழா முடிந்த வாரத்திலேயே ஒரு கணக்கேட்டை எழுதி முடியுங்கள்: எத்தனை பேர் பதிந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை துண்டு மிஞ்சியது, எந்த நிமிடத்தில் வரிசை நின்றது, ஏன் நின்றது, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம். அடுத்த ஆண்டுக் குழுவில் மூன்றில் ஒருவர் இந்த ஆண்டு துண்டு பெற்றவராக இருக்கட்டும். விழா மாலையிலேயே, துண்டு தோளில் இருக்கும்போதே கேளுங்கள். ஜூனில் அவர்கள் வேலை கிடைத்த ஊர்களுக்குப் போய்விடுவார்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
விழாப் பணியில் கைகொடுக்கும் தோழர்கள்