ஊறிய அரிசியும் ஒத்துழைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் எங்கள் பகுதித் துணை மின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்புப் பணி பற்றி வெளியான செய்தி, 'இந்த மின்தடை தவிர்க்க இயலாதது. பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்க வேண்டும்' என்ற வரியுடன் முடிந்திருந்தது. இட்லி மாவு அரைத்து விற்று 26 ஆண்டுகளாகப் பிழைக்கும் நான், ஒத்துழைக்காத மாதம் எது என்று யாரேனும் எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்ளக் காத்திருக்கிறேன். 'தவிர்க்க இயலாதது' என்ற சொல்லை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

துணை மின் நிலையத்திலிருந்து 'பீடர்கள்' எனப்படும் 11 கிலோவோல்ட் மின் விநியோகத் தடங்கள் பல திசைகளில் பிரிந்து செல்வதும், ஒரு பீடரின் கோடியும் பக்கத்து நிலையத்துப் பீடரின் கோடியும் பல இடங்களில் ஓர் ஏ.பி. சுவிட்சில் (கம்பிகளை இணைக்கவும் பிரிக்கவும் உதவும், கம்பத்திலுள்ள விசையில்) சந்திப்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. அப்படியொரு சுவிட்ச், என் கடை வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில், பூட்டுப் போட்ட கைப்பிடியோடு நிற்கிறது. எங்கள் நிலையத்தில் வேலை நடக்கும்போது எங்கள் பீடரை அங்கே பிரித்துவிட்டு இந்தச் சுவிட்சைப் போட்டால், பக்கத்து நிலையத்து மின்சாரம் எங்கள் தெருக்களுக்கு வந்துவிடும். இது என் கண்டுபிடிப்பு அன்று. சென்ற ஆண்டு ஒரு முக்கியப் பிரமுகர் இங்குள்ள திருமண மண்டபத்துக்கு வந்திருந்த வேளையில் எங்கள் நிலையத்தில் பழுது ஏற்பட, லைன்மேன் ஒருவர் தமது மொபெட்டை என் கடைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் அந்தப் பூட்டைத் திறந்தார். கால் மணி நேரத்தில் என் கிரைண்டர் ஓடியது. பிரமுகருக்கு இட்லி மாவின் மேல் அவ்வளவு அக்கறை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தெருக் கம்பியிலேயே வேலை நடக்கும் நாளிலும் மின்சாரம் கேட்கும் அளவுக்கு நான் மதிகெட்டவன் அல்லன். மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற உறுதியான அனுமதியான லைன் கிளியர் வாங்கி, கம்பியை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகே ஓர் ஊழியர் கம்பத்தில் ஏற வேண்டும். அந்த நேரத்தில் ஒரு நிமிடத்தையும் யாரும் குறைக்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் வயல் சேற்றில் இறங்கிக் கம்பம் சுமந்த ஊழியர்களைக் கண்ணால் கண்டவன் நான். சித்திரை வெயிலில் பக்கத்துப் பீடர் இரு பகுதிகளின் சுமையையும் சேர்த்துத் தாங்காது என்றால், பாதித் தெருக்களுக்கு முற்பகலிலும் மீதிக்குப் பிற்பகலிலுமாவது கொடுக்கலாமே. நிலையத்துக்குள் இன்சுலேட்டர் துடைப்பதற்காக அதை நம்பியிருக்கும் அத்தனை ஊர்களையும் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை ஒட்டுமொத்தமாக மின்சாரமின்றி நிறுத்துவது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

அந்த வியாழனன்று 40 கிலோ அரிசியும் 10 கிலோ உளுந்தும் விடியற்காலை நாலரை மணிக்கே ஊறப் போட்டாகிவிட்டது. தங்கள் நாளிதழ் ஆறரைக்கு வந்தது. மின்தடை அன்றைக்கே என்று அதில்தான் படித்தேன். பகல் ஒரு மணிக்கு உளுந்துத் தண்ணீரில் நுரை கட்டி, கையை விட்டால் பருப்பு வழவழவென்று நழுவியது. இரண்டு மணிக்கு மின்வாரிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். வேலை முடிந்துவிட்டதாம். பிறகு ஏன் மின்சாரம் வரவில்லை என்று கேட்டதற்கு, "பேப்பரிலேயே 5 மணி என்றுதானே போட்டிருக்கிறது, அதற்குள் என்ன அவசரம்?" என்று பதில் வந்தது. பணி முன்னதாக முடிந்தால் உடனே விநியோகம் அளிக்கப்படும் என்று அதே செய்தியில் அச்சாகியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இணைப்புத் துண்டிக்கப்பட்டது, அதற்குப் பராமரிப்பு காரணமாக இருக்காது என நம்புகிறேன். மாலையில் உளுந்து முழுவதும் பக்கத்து வீட்டு மாடுகளுக்குப் போயிற்று.

சென்னைக்கான அறிவிப்புகளில் பிற்பகல் 2 மணியோடு பணி முடிந்துவிடுகிறது. எங்கள் மாவட்டத்துக் கம்பிகளுக்கு மட்டும் 5 மணி வரை என்ன பராமரிப்போ! 2012இல் தலைநகருக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு, எங்களுக்கு அரை நாளுக்கும் மேல் என்று இருந்த கணக்கை நாங்கள் மறக்கவில்லை. பொதுத் தேர்வுக் காலத்தில் பராமரிப்பு ஒத்திவைக்கப்படும் செய்தியையும் தாங்களே வெளியிடுகிறீர்கள். அப்போது தவிர்க்க இயலுகிறது. நுகர்வோருக்கு 24 மணி நேரமும் மின்சாரம் வழங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகள் சொல்கின்றன. கிரைண்டர் ஓடாத நாளுக்கும் சேர்த்துக் கிலோவாட் கணக்கில் நிலைக் கட்டணம் வாங்குவதில் மட்டும் இதுவரை ஒரு தடையும் ஏற்பட்டதில்லை.

அந்தச் சுவிட்சின் பூட்டைத் திறக்கச் சொல்லித் தங்களைக் கேட்பது முறையாகாது. தங்களால் இயன்றது ஒன்று உண்டு. இனி இந்த அறிவிப்பை மின்தடைக்கு முந்தைய நாள் காலையிலேயே வெளியிடுங்கள். 'மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்' என்று வாரியத்தார் எழுதித் தந்தால், தெருப் பெயர்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். முதல் நாளே தெரிந்தால் நான் அரிசியை ஊறப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர் மாவட்டம்.