அருவிக்கு மழை, மலைக்கு வெயில்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த இதழில் வந்த வெனிசுவேலா பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அதை நம்பி யாராவது டிக்கெட் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மழை இல்லாத மாதங்களில் போனால் ரொரைமா மலை, ஏஞ்சல் அருவி இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். போகலாம்தான். அருவியில் தண்ணீர் இருக்க வேண்டுமே!

ஏஞ்சல் அருவிக்குச் சாலை கிடையாது. கனைமா கிராமம் வரை சிறு விமானம், அப்புறம் மோட்டார் வைத்த மரப்படகில் நீரோட்டத்தை எதிர்த்துப் பல மணி நேரம். ஆற்றில் தண்ணீர் நிறைந்திருக்கும் ஜூன் முதல் நவம்பர் வரைதான் இதை நம்பலாம். பிப்ரவரி, மார்ச்சில் ஆற்றில் பாறைகள் தலைகாட்டிவிடும், படகு ஓடாது. அருவியும் மெலிந்து, கீழே வந்து சேர்வதற்குள் பாதி காற்றோடு போய்விடும். (கட்டுரை சொல்லும் 979 மீட்டர் மொத்த உயரம். இடையில் எதிலும் படாமல் விழுவது 807 மீட்டர்.)

ரொரைமாவுக்கு நேர்மாறு. பராயிதெபுயி கிராமத்திலிருந்து புல்வெளி வழியே நடக்கையில் தெக், குகெனான் ஆறுகளை இறங்கித்தான் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால் மலைக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்லது. இரண்டும் கனைமா தேசியப் பூங்காவுக்குள் இருந்தாலும் அந்தப் பூங்கா 30,000 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட பெல்ஜியம் அளவு. எனவே எது முக்கியம் என்று முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. இரண்டும் வேண்டுமென்றால் பருவம் மாறும் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம் பார்க்கலாம். அதுவும் உறுதியில்லை.

இன்னொன்று. 1937இல், அருவிக்குப் பெயர் தந்த அமெரிக்க விமானி ஜிம்மி ஏஞ்சல் விமானத்தை, அந்த அருவி விழும் ஔயன் மலைமேல் இறக்கியதும், அது சேற்றில் சிக்கியதால் மனைவியோடும் இரு துணைவர்களோடும் 11 நாள் நடந்து இறங்கியதும் அருமையான கதை. அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர், அங்குள்ள பூர்வகுடிகளான பெமோன் மக்களைச் 'சுமை தூக்கிகள்' என்று ஒரே வரியில் முடித்தது உறுத்துகிறது. அவர்களில் ஒருவர் வழிகாட்டியாக வராமல் ரொரைமா ஏற அனுமதியே இல்லை. கூடாரம், சாப்பாட்டுச் சாமான் மட்டுமல்ல, மேலே சேரும் கழிவையும் அவர்கள்தான் முதுகில் சுமந்து இறக்குகிறார்கள்.

ரொரைமா உச்சியில் படிகக்கல் பொறுக்கியதை வேறு பெருமையாக எழுதியிருக்கிறார். அது தடை செய்யப்பட்டது. இறங்கும்போது பையைச் சோதிப்பதும் உண்டு.

இதுபோன்ற கட்டுரைகளோடு எந்த மாதம் எங்கே போகலாம் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியும் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்